பூஜையில் வைத்த கிடார்

எங்கள் வீட்டில் அலுமினியத் தாள் ஒரு வாரம் தங்கியதில்லை. அப்பாவின் மத்தியானச் சப்பாத்தியைச் சுற்றுவதற்கென்று அம்மா வாங்கி வைப்பாள். அத்தை அதை முழம் முழமாகக் கிழித்துக்கொண்டு போய்க் கிடாரின் வயிற்றுக்குள் ஒட்டிவிடுவாள். அப்படி ஒட்டினால் டியூப் லைட்டின் இரைச்சலும் ஃபேனின் இரைச்சலும் கிடாருக்குள் புகாதாம். வறண்டுபோன சப்பாத்தியைத் தின்றுவிட்டு வந்த அப்பா, "நல்லா வளரட்டும் சங்கீதம்" என்று சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றுவார்.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. திருநெல்வேலியில் படிப்பை முடித்து, டெல்லியில் வேலை கிடைத்து, ஜனக்புரியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். அவளிடம் இரண்டு எலெக்ட்ரிக் கிடார்கள் இருந்தன. இரண்டும் ஒரே சிவப்பு, ஒரே மட்டரகம். முதலாவதைப் புதிதாக வாங்கினாள். இரண்டாவதை யாரோ வேண்டாமென்று விற்றதை, உதிரி பாகங்களுக்காக வாங்கினாள்.

ஆறு மாதமாக எங்கள் சாப்பாட்டு மேஜை அவளுடைய பட்டறையாக இருந்தது. இரண்டு கிடார்களையும் கழற்றி, இருப்பதில் நல்ல கழுத்தையும் நல்ல உடம்பையும் ஒன்றாகச் சேர்த்தாள். கம்பிக்கு அடியில் நின்று அதன் அதிர்வை வாங்கும் பிக்கப்பைத் தூக்கிவிட்டு உயர்ந்த ரகம் ஒன்றைப் பதித்தாள். முறுக்காணிகளை மாற்றினாள். கழுத்தில் பதித்த பித்தளைக் கட்டைகளின் ஓரத்தை அரத்தால் ராவினாள். அந்தத் தூள் ரசத்தில் விழுந்துவிட்டதாக அம்மா ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. ஆனால் வேலை முடிந்து கம்பியைத் தட்டியபோது, சமையலறையிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்ததும் அம்மாதான். தகரம்போலக் கத்திக்கொண்டிருந்த கிடார் அன்று நிறுத்தி நிதானமாகப் பேசியது.

இரண்டில் ஒன்று தேறிவிட்டது. கழித்துப்போட்ட சாமான்களெல்லாம் ஒரு செருப்புப் பெட்டியில், மிஞ்சிய உடம்புக்கும் கழுத்துக்கும் பக்கத்தில், கட்டிலுக்கு அடியில் கிடந்தன. அதற்கு நாங்கள் சவலை என்று பேர் வைத்திருந்தோம்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் பிளாக்குக்குப் பின்னாலுள்ள மைதானத்தில் வங்காளிகள் துர்கா பூஜைப் பந்தல் போடுவார்கள். நவமியன்று சாயங்காலம் அங்கே மேடையில் பாட்டு உண்டு. அத்தையின் அலுவலகத் தோழிகள் மூன்று பேர் ஒரு குழு வைத்திருந்தார்கள், கிடார் வாசிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். நவமி மேடையில் அத்தை சரியாக வாசித்தால் அவளைச் சேர்த்துக்கொள்வதென்றும், குளிர்காலம் முழுக்கக் கல்லூரி கல்லூரியாகப் போவதென்றும் பேச்சு. அத்தை குளியலறையில்கூட விரலால் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அப்பாவுக்கு வேறு கணக்கு. மோதி பாக்கிலிருந்து ஒரு குடும்பம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தையைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது.

"பந்தல்ல நாலு பேரு முன்னால நின்னுதான் வாசிக்கணுமா? அவங்க காதுக்குப் போனா என்ன நெனைப்பாங்க?" என்று நவமிக்கு முந்தின நாள் காலையில் கேட்டார்.

"காதுக்குப் போகட்டும்ணே. நல்லாத்தான் வாசிப்பேன்" என்றாள் அத்தை.

அப்பா கோபம் வந்தால் பேப்பரை எட்டாக மடிப்பவர். அன்றும் மடித்தார்.

வங்காளிகளுக்குத் துர்கா நவமி என்றால் நமக்குச் சரஸ்வதி பூஜை. வீட்டிலுள்ள புத்தகம், பேனா, கத்தி, கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் அன்றைக்கு ஓய்வு. பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூஜை முடியும்வரை தொடக்கூடாது. வருஷத்தில் எனக்கு மிகவும் பிடித்த நாள் அதுதான், ஏனென்றால் கணக்குப் புத்தகத்தை முதல் ஆளாக அடியில் வைத்துவிடுவேன். அத்தையின் தனியார் கம்பெனிக்கு சரஸ்வதியைத் தெரியாததால் அவள் அரைநாள் வேலைக்குப் போயிருந்தாள். அப்பா விடுப்பு எடுத்துக்கொண்டு வேட்டியில் நின்றார்.

"ஏட்டி, அத்தை கிடாரையும் எடுத்துட்டு வா" என்றார்.

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. ஆறு மாதமாக அதைத் தகரடப்பா என்று சொல்லிவந்தவர் சரஸ்வதிக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்கிறார்! உறையிலிருந்து எடுத்து, குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்கிவந்தேன். சாமான் பெட்டியையும் கொண்டுவரச் சொன்னார். திருப்புளிகள், அரம், சால்டரிங் அயர்ன் எல்லாம் வரிசையாக உட்கார்ந்தன. கிடாருக்குச் சந்தனம் வைத்ததும் நான்தான். ஆறு முறுக்காணிக்கும் ஆறு பொட்டு வைத்தேன். அப்பா தீபாராதனை காட்டினார். நான் மணி அடித்தேன்.

மூன்று மணிக்கு அத்தை வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டாள்.

"இதை யாருட்டி இங்க வச்சா?"

அவள் முகத்தை நான் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. அவள் பூரித்துப்போவாள் என்றுதான் நினைத்தேன். அந்தப் பூரிப்பில் அப்பாவுக்குப் பங்கு கொடுக்க மனசு வரவில்லை.

"நான்தான் அத்தை! நானே வச்சேன்!" என்றேன்.

அத்தை அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணே, ஏழு மணிக்கு வாசிக்கணும். எடுத்துக்கிடட்டுமா?"

"தீபாராதனை காட்டியாச்சே. பூசையில வச்சதை எடுக்கப்பிடாது. உனக்குத் தெரியாததா?" என்ற அப்பா, விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு, "சின்னப் பிள்ளை ஆசையா வச்சிருக்கா. அவளைப் போட்டு வையாத" என்றார்.

அத்தை என்னைத் திட்டவில்லை. என் தலையில் கை வைத்தாள். பிறகு நேராகப் போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து சவலையை இழுத்தாள்.

அதற்கடுத்த மூன்று மணி நேரத்தை நான் மறக்கமாட்டேன். கீழ்வீட்டு ஆன்ட்டியிடம் ஓடி, "ஆன்ட்டி, பேச்கஸ் தே தோ, ஜல்தி" என்று திருப்புளி வாங்கிவந்தேன். அத்தை கழுத்தை முடுக்கினாள், பழைய பிக்கப்பைப் பதித்தாள், கம்பி மாட்டினாள். ஒயர்களை ஒட்ட வேண்டியபோதுதான் கை நின்றது. ஈயக்கம்பி செருப்புப் பெட்டியில் இருந்தது, உருக்குகிற அயர்ன் சரஸ்வதியிடம் இருந்தது. அத்தைக்கு அப்போதுதான் கண்ணில் தண்ணீர் வந்தது.

"ஒரு ஆணியைக் காய வச்சா உருகாதா?" என்று அம்மா கேட்டாள்.

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். "உருகும் மதினி."

அம்மா பெரிய ஆணி ஒன்றை இடுக்கியில் பிடித்து கேஸ் அடுப்பில் சிவக்கவைத்தாள். சமையலறை மேடைமேல் கிடார் கிடந்தது. அத்தை ஈயத்தைப் பிடிக்க, அம்மா ஆணியால் தொட, புகை எழுந்தது. மூன்று ஒயருக்கு ஆணியைப் பத்துத் தடவை காய்ச்சினார்கள். ரசத்தில் தூள் விழுந்ததற்குப் பேசாமலிருந்த அம்மா அன்று வைத்த ஈயம் ஒவ்வொன்றும் சுண்டைக்காய் அளவு. கூடத்தில் அப்பா டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

அலுமினியத் தாள் ஒட்ட நேரமில்லை. அதனால் மேடையில், கம்பியிலிருந்து கையை எடுத்தாலே சவலை உய்யென்று இரைந்தது. அத்தை கையை எடுக்கவேயில்லை. பேசும்போதும் வணக்கம் சொல்லும்போதும் இடதுகை கம்பிமேலேயே இருந்தது. முதல் பாட்டு நன்றாகப் போனது. நானும் அம்மாவும் கை சிவக்கத் தட்டினோம். இரண்டாவது பாட்டின் நடுவில் ஒரு ஈயம் விட்டுக்கொண்டது. கிடார் ஊமையானது. அத்தை பாட்டு முடியும்வரை சத்தமில்லாத கம்பியை மீட்டிக்கொண்டே நின்றாள், முகத்தில் சிரிப்போடு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

தோழிகள் அடுத்த வாரமே வேறு ஒரு பையனைச் சேர்த்துக்கொண்டார்கள். மோதி பாக் குடும்பம் வந்து கேசரி சாப்பிட்டுவிட்டுப் போனது, பதில் வரவில்லை. அத்தை மறு வருஷம் புனேக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள். அங்கே கல்யாணமாகி, இப்போது பள்ளியில் படிக்கும் மகன் இருக்கிறான் அவளுக்கு. வரும்போதெல்லாம் எல்லோர் முன்னாலும் என் காதைத் திருகி, "இவதான் சரஸ்வதிகிட்ட என்னைப் போட்டுக்குடுத்தவ" என்று சிரிப்பாள். அண்ணன் மேல் அவளுக்கு இன்றைக்கும் உயிர். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். அப்பா அந்த நேரத்தில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

அந்த நவமியன்று இரவு பந்தலிலிருந்து திரும்பிவந்து சாப்பிட உட்கார்ந்தோம். அத்தை பசியில்லை என்று படுத்துவிட்டாள். நான் அப்பாவின் பக்கத்தில் இருந்தேன். பொய் சொன்னதற்கு எப்போது கேட்பாரோ என்று பயந்துகொண்டிருந்தேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் பொய்க்கு அடி நிச்சயம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. தன் தட்டிலிருந்த வடையை எடுத்து என் தட்டில் வைத்தார். கிடாரைப் பூஜையில் வைத்த பெருமை முழுக்க எனக்கே இருக்கட்டும் என்று அப்பா விட்டுக்கொடுத்துவிட்டார் என நினைத்தேன். இவ்வளவு நல்ல அப்பா யாருக்குக் கிடைப்பார் என்று நினைத்துக்கொண்டே அந்த வடையைத் தின்றேன்.