அம்மா என்று கூப்பிட்ட ஃபேன்

போன சனிக்கிழமை, மதியம் மூன்று இருபது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினேன்.

எங்கள் வீடு மாடியில். கீழே பனியன் துணி பின்னும் எங்கள் நிட்டிங் யூனிட். அதன் பின்சுவரில், என் ஜன்னலுக்கு நேர் கீழே, ஒரு பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன். நான் தூத்துக்குடிக்காரி. கல்யாணமாகித் திருப்பூர் வந்த புதிதில் அந்த இரைச்சல்தான் எனக்குக் கடல். இப்போதும் மதியம் படுத்தால் கட்டில் மெல்ல மிதக்கும். வெயிலில் பஞ்சுத் துகள்கள் இறங்கிக்கொண்டே இருக்கும்... எங்கே விழுகின்றன என்று பார்ப்பதற்குள் தூங்கிவிடுவேன்.

இரண்டு மாதமாக அந்தக் கடலில் ஒரு கீச்சுக்குரல். விட்டு விட்டு, ‘ம்ம்மா... ம்ம்மா...’

“அக்கா, ஒங்க மூத்த புள்ள கூப்பிடுது, போய்ப் பாருங்க!” என்பான் மெஷின் ஓட்டும் முருகன்.

“அழட்டும்டே, பழகிரும்” என்பேன் நான்.

ஃபிட்டர் துரைசாமிக்குத் தினமும் போன். தினமும் அதே பதில் — “நாளைக்கு வந்தர்றனுங்க அக்கா.”

அன்று ஒரு கல்யாணத்துக்கு அவிநாசி போய்த் திரும்பியிருந்தேன். விருந்துச் சாப்பாடு கண்ணைச் சொருகியது. கடல் என்னவோ வெகுதூரம் உள்வாங்கிவிட்டதுபோல் இருந்தது. அலையே இல்லை. ‘ம்ம்மா...’ மட்டும் வந்தது, வழக்கத்தைவிட மெலிதாக.

மறுபடியும் ‘ம்ம்மா...’

சனியன் பிடித்த ஃபேன்! போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டேன்.

எவ்வளவு நேரமோ... வாசலில் துரைசாமியின் குரல். ஸ்பேனரை மறந்து வைத்துவிட்டுப் போனாராம்.

“எப்பதான் அந்த ஃபேனைச் சரிபண்ணுவீங்க? ஓயாம அழுதுட்டே கெடக்கு!” என்றேன் தூக்கக் கலக்கத்தில்.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “காத்தாலயே முடிச்சுட்டனுங்க அக்கா! றெக்கையில ஒரு பக்கமாப் பஞ்சு அப்பி, எடை கோணிப்போச்சுங்க. அந்த ஆட்டத்துல பேரிங்கும் தேஞ்சுருச்சு. தொடச்சு, பேரிங் மாத்தி, அடியில ரப்பர் குடுத்து முடுக்கியிருக்கறனுங்க. இனி அது அழுதா என்ற பேரை மாத்திக்கறேன்!”

அழாதா? அப்படியானால்...

பக்கத்து வீட்டில் விளையாடப் போயிருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்த என் மகள் எங்கே? இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். பஞ்சு பட்டாலே வீசிங் வரும். ஃபேனுக்குப் பக்கத்தில்தான் துணி ரோல் அடுக்கும் அறை. அதன் கதவில் உள்பக்கக் கைப்பிடி உடைந்து வெகுநாளாகிறது.

படிகளில் இறங்கினேனா, விழுந்தேனா?

காது ஒரு வினோதமான காவல்காரன். தினமும் வந்துபோகிற ஆளை அது நிறுத்தி விசாரிப்பதே இல்லை. அந்த ஆளின் சட்டையைப் போட்டுக்கொண்டு வேறு யார் வந்தாலும் கண்டுகொள்வதுமில்லை. துரைசாமி ஃபேனை அடக்கியதால்தான் அவள் குரல் மாடிவரை வந்தது. வந்த குரலை நான்தான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

துரைசாமி கதவை இழுத்துத் திறந்தார். தலை, புருவமெல்லாம் பஞ்சு அப்பியபடி வெளியே வந்தாள். மூச்சில் விசில். இன்ஹேலரை வைத்து இழுக்கச் சொன்னேன். மெல்ல மெல்ல நெஞ்சு சமாதானமானது.

என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“எத்தன தடவ கூப்பிட்டேன்! இனிமே ‘அம்மா’ன்னு கூப்பிட மாட்டேன், போ. ஒன் பேரச் சொல்லித்தான் கூப்பிடுவேன்.”