வலப்பக்கத்தில் எழுதிய பெயர்

முதலில் அடைத்துக்கொண்டது ஒரு பெயர்தான். காலை ஜெபத்தில் மற்றவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்த என் வீட்டுக்காரர் ஞானமுத்துவுக்கு, 'எஸ்தர்' என்று என் பெயர் வரும்போது வெறும் காற்றுதான் வந்தது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் வேலை. பஞ்சுத் தூசியாயிருக்கும் என்று மிளகு கஷாயம் வைத்துக் கொடுத்தேன். இரண்டு மாதம் கஷாயத்திலேயே போனது. அதற்காக இன்றும் என்னை நான் மன்னிக்கவில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது குரல் கம்மி வாரக்கணக்கில் தெளியவில்லை என்றால், அடுப்பை அணைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார். உடனே மதுரை ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே பயாப்சி (சதையைக் கிள்ளி எடுத்துப் பார்க்கும் சோதனை). குரல்வளையில் புற்றுநோய் என்றார்கள். ஏழு வாரம் ரேடியேஷன் (கதிர்வீச்சு) கொடுத்தார்கள்.

பக்கத்துக் கட்டிலில் கூமாப்பட்டி விவசாயி மாரியப்பன். அவருக்கும் அதே நோய். என் வீட்டுக்காரர் அவர் பெயரையும் ஜெபத்தில் சேர்த்துக்கொண்டார், அதுவும் சிரித்த முகமாக. எனக்கு எரிச்சலாக வந்தது. நம் பாடே பெரும்பாடாயிருக்கிறது, ஊரார் பாடு எதற்கு என்று கேட்டுவிட்டேன்.

"எனக்குன்னு கேக்கும்போது பயந்து பயந்துதான் கேக்கேன். அடுத்தவனுக்குக் கேக்கும்போதுதான் மனசு சந்தோசமா இருக்கு. அதையும் பிடுங்காத," என்றார், கிசுகிசுத்த குரலில்.

எங்கள் சபையில் வாசலோரம் ஒரு நோட்டு இருக்கும். விரித்தால் இடப்பக்கம் விண்ணப்பம், வலப்பக்கம் ஸ்தோத்திரம். கேட்பதை இடப்பக்கம் எழுத வேண்டும். கிடைத்ததற்கான நன்றியை வலப்பக்கம். நோய் நுரையீரலுக்கும் பரவிவிட்டது என்று டாக்டர் சொன்ன வாரம், கண்ணீர் மறைக்க, இடப்பக்கம் எழுத வேண்டிய என் வீட்டுக்காரர் பெயரை வலப்பக்கம் எழுதிவிட்டேன்.

ஆராதனையில் உபதேசியார் அதை அப்படியே வாசித்தார். ஞானமுத்துவின் சுகத்துக்காக சபையே எழுந்து ஸ்தோத்திரம் சொன்னது. வெளியே வந்ததும் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீட்டில் சொல்லி அழுதேன், நோட்டில் அந்தப் பெயரை அடித்துவிடுகிறேன் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, அடங்க வெகுநேரம் ஆனது. அந்த வாரம் அவருக்குப் பேச்சு முழுதும் போயிருந்தது. சிலேட்டை எடுத்து எழுதினார்: "அடிக்காத. அம்புட்டுப் பேர் எனக்காகச் சந்தோசப்பட்டிருக்காவ."

மறுமாதம் போய்விட்டார்.

மாரியப்பனுக்குக் குணமாகிவிட்டது என்று செய்தி வந்தது. அவர் பெயரை வலப்பக்கம் எழுத வேண்டியவள் நான். எழுதவில்லை. எல்லாருக்காகவும் ஜெபித்தேன், அந்த ஒரு பெயரை மட்டும் தாண்டிப் போனேன். ஒரே மிஷின், ஒரே வாரங்கள், அவர் பிழைத்தார். பொறாமைதான், வேறு பேர் வைக்கவில்லை.

ஒரு வருஷம் கழித்து மாரியப்பனே ஒரு பை மாங்காயோடு வாசலில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி எங்க, மதினி?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கரகரத்து, பாதி காற்றாக வந்த அந்தக் குரல், கடைசியாக நான் கேட்ட என் வீட்டுக்காரரின் குரல். நடந்ததைச் சொன்னேன். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எம்பேரைச் சிரிச்சுக்கிட்டேல்ல சொல்லுவாவ," என்று அழுதார்.

அழுது முடித்துக் கிளம்பினவரை நான் விடவில்லை.

"இன்னுஞ் செத்த நேரம் பேசிக்கிட்டு இருங்க."

மறுபடி உட்கார்ந்தார். கிணறு, நாற்று, மழை என்று எதையெதையோ பேசினார். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாரியப்பன் பெயரை எழுதினேன். வலப்பக்கம்தானா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். பல தாள் முன்னால் புரட்டினால் என் வீட்டுக்காரர் பெயர் அடிக்கப்படாமல் அப்படியே இருந்தது.

இப்போதும் காலையில் பெயர்களைச் சொல்கிறேன். மாரியப்பனிடம் வரும்போது எனக்கும் முதலில் வெறும் காற்றுதான் வருகிறது. ஒரு பெயர் சொல்லும் நேரம்தான். என் நாளிலேயே நீளமான நேரம் அதுதான். சில நாள் என் வீட்டுக்காரர் சொன்ன அந்தச் சந்தோசம் வருகிறது. வராத நாளிலும் பெயரைச் சொல்லிவிடுகிறேன்.