சேகோ ஃபேக்டரியில ஒரு கக்கூஸ்

மரவள்ளிக் கிழங்குப் பால் புளிக்கிற வாடை இருக்கே... ஒரு தடவ உடம்புல ஏறினா தலைக்குக் குளிச்சாலும் போவாது. பஸ்ல எங்க பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க. கண்டக்டரே பின்னாடி சீட்டக் காட்டுவாரு.

பிளஸ் டூ முடிச்சிட்டு நான் மொதல்ல வேலைக்குப் போனது அங்கதான். நைனார்பாளையம் பக்கம், உயரமா செங்கல் புகைபோக்கி வெச்ச பழைய சேகோ ஃபேக்டரி. ஜவ்வரிசி பண்ற எடம். கல்வராயன் மலையிலேருந்து லாரி லாரியா கிழங்கு வரும். பொம்பளைங்க நாங்க வரிசையா உக்காந்துகினு தோல் சீவுவோம். கத்தி கையக் கீறும், அதுல பால் பட்டு எரியும்.

அதெல்லாம் பழகிடுச்சி. பழகாதது ஒண்ணுதான்...

அவ்ளோ பெரிய ஃபேக்டரியில பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூஸ் கிடையாது.

ஆம்பளைங்க சுவத்தோரம் போயிடுவாங்க. நாங்க ரோட்டத் தாண்டி கரும்புக் கொல்லைக்குப் போவணும். கரும்பு வெட்டிட்டா மறைவும் போச்சு. அடக்கிக்கினு உக்காந்திருப்போம். காலையிலேருந்து தண்ணியே குடிக்க மாட்டோம். நீர்க்கடுப்பு வராத பொண்ணு அங்க யாருமே இல்ல. தூரமான நாள்ல இன்னா பண்ணோம்னு நான் எழுதல... பொண்ணுங்களுக்குப் புரியும்.

எங்க கூட ஜெயசீலி அக்கான்னு ஒருத்தவங்க இருந்தாங்க. கைக்குழந்தைய அம்மாகிட்ட வுட்டுட்டு வேலைக்கு வருவாங்க. ஒரு நாள் கத்திய வெச்சிட்டு நேரா ஓனர் ரூமுக்குப் போயிட்டாங்க. எல்லாருக்குமா சேத்துக் கேட்டாங்க. இத்தினி வருசமா எங்க போனீங்களோ அங்கயே போங்கன்னு அந்தாளு சிரிச்சிருக்காரு.

"உங்க வூட்டுப் பொம்பளைங்கள அங்க அனுப்புவீங்களா?"

அக்கா கேட்டது எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. அன்னைக்கே அக்காவ வேலைய வுட்டு நிறுத்தி, கேட்டுக்கு வெளிய அனுப்பிட்டாங்க.

மறுநாள் காலையில கிழங்கு மலையா குமிஞ்சி கெடக்குது. யாரும் பேசி வெக்கல. ஒருத்தி கத்திய கீழ வெச்சா, அடுத்தவ வெச்சா, அவ்ளோதான்... எல்லாரும் கைய கட்டிக்கினு உக்காந்துட்டோம். கிழங்கு காத்திருக்காது. கறுத்துப் போச்சுன்னா மாவு வெள்ளையா வராது, எவனும் வாங்க மாட்டான். மேஸ்திரி மொதல்ல திட்டினாரு, அப்புறம் கெஞ்சினாரு. பொழுது சாயறதுக்குள்ள கொத்தனார் வந்து குழி வெட்ட ஆரம்பிச்சிட்டாரு.

ஒரு தகர ரூமு. அவ்ளோதான். மொத நாள் அதுக்கு முன்னாடி வரிசையில நின்னு நாங்க சிரிச்ச சிரிப்பு...

ஜெயசீலி அக்காவ மட்டும் திருப்பிச் சேக்கவே இல்ல. நாங்க எவ்ளோ கேட்டும் ஓனர் அசையல. அவங்க மணலூர்பேட்டையில அம்மா வூட்டுக்கே போயிட்டாங்க, நடவு வேலைக்கு. போறப்ப, தாழ்ப்பாள் நல்லா விழுதான்னு பாத்துக்கங்கடின்னு சொல்லிட்டுப் போனாங்க.

ஃபேக்டரிய மூடி ரொம்ப வருசம் ஆச்சு. இப்ப அத யாரோ வாங்கி, செங்கல்லாம் தேச்சி, சீரியல் லைட்டு கட்டி, ஃபுட் ஸ்ட்ரீட் ஆக்கிட்டாங்க. கிழங்குப் பால் தேங்கின தொட்டியில தாமரை. ஜவ்வரிசி காயப்போட்ட களத்துல மேடை போட்டு தெருக்கூத்து. போன ஞாயித்துக்கெழம என் பையன் கூட்டிக்கினு போனான். கட்டடம் இடியாம நிக்குதேன்னு சந்தோசமாத்தான் உள்ள போனேன்.

லேடீஸ் டாய்லெட் வாசல்ல ஒரு போர்டு. பெண்களின் கண்ணியத்தைப் போற்றி, அன்றே அவர்களுக்குத் தனிக் கழிப்பறை அமைத்துத் தந்தவர் நிறுவனர்... பக்கத்துல எங்க பழைய ஓனரோட மாலை போட்ட ஃபோட்டோ.

போற்றினாராம். அங்க நிக்கவே புடிக்கல.

காத்து வாங்கலாம்னு பின்பக்கம் போனா, தட்டு கழுவுற பொண்ணு ஒருத்தி யூனிஃபார்மோட ரோட்டத் தாண்டி அவசரமா ஓடுறா. திரும்பி வந்ததும் எங்கம்மா போனேன்னு கேட்டேன்.

"பெட்ரோல் பங்க்குக்கும்மா. இங்க இருக்கறது கஸ்டமருக்கு. நாங்க போவக் கூடாது."

மேனேஜர்கிட்ட போனேன். கெஸ்ட்டுங்க கம்ப்ளெயிண்ட் பண்ணுவாங்க மேடம், ஸ்டாஃபுக்குத் தனியா கட்ட பிளான் இருக்குன்னு நிதானமா சொல்றான். எல்லாரும் பாக்கறாங்க, வாணாம்மான்னு பையன் கையப் புடிச்சான். பாக்கட்டும்னேன்.

"நான் இங்க கிழங்கு சீவினவ. அந்த போர்டுல இருக்கறது பொய்யி. கக்கூஸ் கேட்டவள வேலைய வுட்டுத் தொரத்தின எடம் இது. நீங்களும் அதையே பண்ணிக்கினு, அந்தாளுக்கு மாலை வேற போடறீங்களா?"

சாப்பிட்டுக்கினு இருந்த பொம்பளைங்க நாலஞ்சி பேரு எழுந்து வந்தாங்க. யாருக்கு கம்ப்ளெயிண்ட்டு, எங்களுக்கா, நாங்க எப்ப சொன்னோம்னு அவங்க புடிச்சிக்கினாங்க. அப்புறம்தான், இன்னையிலேருந்து ஸ்டாஃபும் போலாம்னு மேனேஜர் எறங்கி வந்தான்.

அந்தப் பொண்ணு முகத்துல சந்தோசம் இல்ல. நீங்க போயிடுவீங்கம்மா, நாளைக்கு என்னையத்தான் கேப்பாங்கன்னா. இந்தப் பொண்ணு எங்கிட்ட ஒண்ணும் சொல்லல, நானா பாத்துட்டுத்தான் கேட்டேன், இனிமே வாரா வாரம் வருவேன்னு மேனேஜர் காதுல விழ சொல்லிட்டு வந்தேன்.

இன்னைக்குப் போனேன். அவ இருக்கா. எல்லாரும் உள்ள டாய்லெட்டுக்குத்தான் போறாங்களாம். போர்டு அப்படியேதான் இருக்குது. கழட்டற வரைக்கும் கேப்பேன்.

நீங்கல்லாம் ஒண்ணா சேந்து கேட்டிருக்கலாமேன்னு அவகிட்ட கேட்டேன். யாரு எந்த ஊருன்னே தெரியாதும்மா, ஏஜென்சி அனுப்புற ஆளுங்க, மாத்திக்கினே இருப்பாங்கன்னா.

அந்தக் காலம் நல்ல காலம்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா அன்னைக்கு ஒருத்திய வெளிய தள்ளினப்ப, கத்திய கீழ வெக்க பக்கத்துல இத்தினி பேரு இருந்தோம்.

இவளுக்கு மார்பிள் போட்ட டாய்லெட் இருக்குது... பேரு தெரிஞ்ச ஒரு ஆளு பக்கத்துல இல்ல.