டீலர் லைசென்ஸ் இல்லாமல் ஏலத்தில் எடுத்த கார்

டீலர் லைசென்ஸ் இல்லாமலே ஆன்லைன் ஏலத்தில் கார் எடுப்பது எப்படி என்று ஒரு வாரமாக ஷிப்ட் பஸ்ஸில் எல்லோருக்கும் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

நான் எடுத்தது இன்சூரன்ஸ் கம்பெனி கழித்துவிட்ட வண்டி. படத்தில் நம்பர் பிளேட்டை மறைத்திருந்தார்கள். ‘ஸ்டார்ட் ஆகாது’ என்று போட்டிருந்தது. பேட்டரியாகத்தான் இருக்கும் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

இன்று காலை சென்னையிலிருந்து லாரியில் வந்து எங்கள் பிளாக்கில் இறங்கியது. எதிர் குவார்ட்டர்ஸ் செல்வராஜ் சார் லுங்கியோடு ஓடிவந்தார். பின்கண்ணாடியில் பாதி கிழிந்திருந்த மயில் ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்தார்.

“இது எம் பொண்ணு ஒட்டுனதுங்க. போன மழையில தண்ணியில நின்னுபோச்சே, அதே வண்டி!”

அன்றைக்கு முழங்கால் தண்ணீரில் அதைத் தள்ளியவர்களில் நானும் ஒருவன்.

“நீங்கதான சார் சொன்னீங்க, இன்சூரன்ஸ்காரன் தலையில கட்டிடுங்க, இனிமே இத எந்த மடையன் வாங்குவான்னு?”

சொன்னேன்தான்.

அந்த மடையனுக்கு இப்போது ஒரு நல்ல மெக்கானிக் தேவை. தெரிந்தவர்கள் கமென்டில் சொல்லுங்கள். தள்ளுவதற்கு ஆள் இருக்கிறது, இந்தமுறை செல்வராஜ் சாரே வருகிறாராம்.