சந்துருவின் குரல் இருந்த பெட்டி

கோதை கோயம்புத்தூர்க்காரி. கல்யாணமாகிப் புனேவுக்கு வந்தவள், ஹடப்சரில் ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருக்கிறாள். ஆபீசில் பழைய லேப்டாப்களைக் கழித்துக்கட்டியபோது, அவற்றில் தகவல் சேமிக்கிற எஸ்.எஸ்.டி. டிரைவ்களைச் சுத்தமாக அழித்துவிட்டு, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், பிஸ்கட் கனம். கோதை பத்து எடுத்து வந்தாள். வீட்டில் சும்மா கிடந்த கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இரட்டைப் பக்க டேப்பால் அவற்றை ஒட்டி, வயர் கொடுத்து, எல்லாவற்றையும் சேமித்து வைக்க வீட்டுக்கென்று ஒரு சர்வர் செய்துகொண்டாள். பத்தில் இரண்டு பழுதானாலும் மற்ற எட்டும் சேர்ந்து உள்ளே இருப்பதை மீட்டுத் தந்துவிடும்.

முதலில் போட்டோக்களைத்தான் வைத்தாள். பிறகு அவள் கணவர் சந்துருவின் குரல் வந்து சேர்ந்தது.

சந்துரு கணக்கு வாத்தியார். தொண்டையில் புற்றுநோய். குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். முன்கூட்டியே நிறையப் பேசிப் பதிவு செய்து வைத்தால், பின்னால் போனில் தட்டுவதை அவர் குரலிலேயே பேச வைக்கலாம் என்று தெரிந்ததும், படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு தினமும் மைக் முன்னால் உட்கார்ந்தார். பாடம் நடத்தினார், பேப்பர் படித்தார், ஆட்டோக்காரரோடு மராத்தியில் சண்டை போடுவதுபோலக்கூடப் பேசி வைத்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவர் தேறியதும் பள்ளிக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று புனேயிலேயே கோந்த்வாவுக்கு வீடு மாறினார்கள். சர்வரும் டெம்போவில் குலுங்கிக்கொண்டு வந்தது. குரல் செய்து தருகிறவர்களுக்குப் பதிவுகளை அனுப்பலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கோதை அதை ஆன் செய்தாள். திரையில் ஆறு டிரைவ்தான் தெரிந்தது. நாலைக் காணோம்.

இரண்டு போனால் மீட்கலாம், நாலு போனால் முடியாது. இன்னொரு பிரதி எடுக்க நினைத்ததெல்லாம் ஆஸ்பத்திரி அலைச்சலில் அப்படியே நின்றுபோயிருந்தது.

சந்துரு பக்கத்தில் வந்து போனில் தட்டிக் காட்டினார். "என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லீங்க" என்றாள். அதற்குள் கண் நிறைந்துவிட்டது. மறைக்க முடியாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் யோசித்துவிட்டுத் தட்டினார். "கிளாஸ்ல நாலு பசங்க ஒரே நாள் லீவு போட்டா, நாலு பேருக்கும் காய்ச்சல்னு நான் நம்பமாட்டேன். எங்கயோ சேர்ந்துதான் போயிருப்பானுங்க."

கோதை நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் மூடியைக் கழற்றினாள். சூட்டில் டேப் இளகி, டிரைவ்கள் வயரைப் பிடித்துக்கொண்டு தொங்கின. காணாமல்போன நாலுக்கும் ஒரே கிளை வயரிலிருந்துதான் கரண்ட். அதன் தலை பாதி கழன்றிருந்தது.

"ஏங்க, இங்க பாருங்க! டிரைவ் கெட்டுப்போகல, அதுக்குக் கரண்ட்தான் வரல!"

உடனே சொருகிப் பார்க்கக் கை துறுதுறுத்தது. ஆனால் தொங்குகிற பாரம் மறுபடியும் இழுத்தால்? ஒரு டிரைவைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே ஹார்டுவேர் கடைக்குப் போய், அளவு காட்டி, துளை போட்ட இரும்புப் பட்டைகளும் குட்டித் திருகாணிகளும் வாங்கி வந்தாள். காற்றுப் போக இடைவெளி விட்டு, பட்டைக்கு ஐந்தாக வரிசையாக முடுக்கினாள். சந்துரு டார்ச் பிடித்துக்கொண்டு திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். எல்லா பாரத்தையும் ஒரே வயரில் ஏற்றாமல், கரண்டை மூன்று வயராகப் பிரித்துக் கொடுத்தாள்.

ஆன் செய்துவிட்டு இருவரும் திரையைப் பார்த்தார்கள். ஏழு வந்தது. எட்டு, ஒன்பது. கொஞ்சம் தாமதித்துப் பத்தாவதும் வந்தது.

கோதை கையில் அகப்பட்ட ஒரு பதிவை ஓட்டினாள். "கோதை, இது பதிவாகுதா இல்லையா? சும்மாவே கத்திட்டிருக்கேன்" என்றது சந்துருவின் குரல்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சந்துரு சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். கோதை அழுதுகொண்டே சிரித்தாள். அப்புறம்தான் தரையிலேயே காலை நீட்டி, சுவரில் சாய்ந்தாள். உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல இருந்தது.

அவர் போனை நீட்டினார். "மூக்கால பேசறேனே. வேற நல்ல குரலாப் பார்க்கலாமா?"

"அதெல்லாம் வேண்டாங்க. எனக்கு இதுதான் வேணும்."

சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் முதலில் இரண்டு பிரதி எடுத்தாள், அப்புறம் பதிவுகளை அனுப்பினாள். பள்ளி திறந்ததும் சந்துரு சட்டைப்பையில், தட்டுவதைத் தன் குரலிலேயே பேசும் ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்.