இரைச்சல் இல்லாத சர்க்யூட்

அப்போது வடக்கே வானவடி என்ற இடத்தில் குடியிருந்தேன். இன்டர்நெட் சென்டரில் அச்செடுத்த சர்க்யூட் படங்களைப் பார்த்து, ஞாயிறுதோறும் ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் செய்வேன். எது நல்லது என்று முடிவு செய்ய ஒரே சோதனைதான்: பாட்டு எதுவும் போடாமல், வால்யூமை முழுக்கத் திருகிவைத்துக் கேட்பது. முதல் சர்க்யூட் உறுமியது. அடுத்தது அடைமழைபோல் இரைந்தது. மூன்றாவதைச் சால்டரிங் அயர்னால் பற்றவைத்து முடித்து, ஹெட்போனைக் காதில் மாட்டினேன். சுத்தமான அமைதி.

அந்த அமைதியில் சுவருக்கு அப்பால் பெல்ட் விளாசும் சத்தம் கேட்டது. பிறகு பக்கத்து வீட்டுப் பெண்ணின் அடக்கிய அழுகை. என் ஹெட்போன் காதை முழுக்க அடைக்காத வகை. இத்தனை நாளும் இதை மறைத்தது நான் செய்த சர்க்யூட்டுகளின் இரைச்சல்தான்.

போய் அவர்கள் கதவை உதைத்தேன். புருஷன் கையில் பெல்ட்டோடு திறந்தான்.

"இது எங்க கர் கா மாம்லா, எங்க வீட்டு விஷயம். உங்க வேலையப் பாருங்க சார்."

ஆத்திரத்தில் பிளக்கோடு பிடுங்கி வந்த சால்டரிங் அயர்ன் என் கையில் இன்னும் சூடு ஆறாமல் இருந்தது. அதை அவன் மணிக்கட்டில் வைத்து அழுத்தினேன். தோல் பொசுங்கியது. பெல்ட் கீழே விழுந்தது.

வீட்டுக்கு வந்து மற்ற இரண்டு சர்க்யூட்டையும் சுத்தியலால் நொறுக்கினேன். எது நல்லது என்று யார் கேட்டாலும் மூன்றாவதைத்தான் காட்டுவேன். அதில்தான் பக்கத்து வீடு கேட்கிறது.