தோல் என்றே எழுதுகிறேன்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிற இந்த நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். தொடங்குவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. இந்தக் கட்டுரையில் தோல் என்ற சொல் அடிக்கடி வரும். அருவருப்பு உள்ளவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். அங்கே என் தங்கை மகள் எழுதிய கவிதை இருக்கிறது. அதில் பூ, நிலா, தென்றல் எல்லாம் உண்டு.

இந்த எச்சரிக்கைக்குக் காரணம் எங்கள் பெரிய மாமா. அம்மாவுடன் பிறந்தவர், குடும்பத்துக்கு மூத்தவர். மலர் அச்சுக்குப் போகும் முன் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“ஏஞ்சாமி, எல்லாம் எழுது. அந்தத் தோலு சமாச்சாரம் மட்டும் வேண்டாம். புஸ்தகம் நாலு ஊட்டுக்குப் போவும். சம்பந்திக படிப்பாங்க.”

“அப்புறம் அக்கா என்ன வேலை செஞ்சாங்கன்னு போடறதுங்க மாமா?”

“சுயதொழில்னு போடு. இல்லீன்னா கைவேலைன்னு போடு. நீ வேற சிரிப்பு எழுதறவன். எழவு புஸ்தகத்துலயும் வேலையக் காட்டீராத.”

பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதிப் பிழைக்கிறவன் நான். படித்தவர்கள் சிரித்தார்களா என்பது இன்னும் உறுதியாகவில்லை. ஆகவே மாமா அஞ்ச வேண்டியதில்லை. இந்த ஒரு கட்டுரையைச் சிரிப்பு வராமலே எழுத என்னால் முடியும்.

அக்கா ஏற்காடு மலையில் வாழவந்தி என்ற ஊரில் பிறந்தார். அப்பாவுக்குக் கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, நிறையக் கவலை. அக்காவைச் சேலத்தில் கட்டிக் கொடுத்தார்கள். சில வருடங்களில் அவர் கணவர் வேறொரு குடும்பம் அமைத்துக்கொண்டார். அக்கா திரும்பி வந்தபோது இதே உறவினர்கள் கூடி உட்கார்ந்து, “பொறுத்துப் போயிருக்கலாம்” என்று தீர்ப்புச் சொன்னார்கள். தீர்ப்புச் சொன்னவர்களில் யாரும் ஒரு வேளைச் சோறு போடவில்லை. அக்கா மறுபடி சேலத்துக்கு பஸ் ஏறி, பெல்ட்டும் பையும் தைக்கிற பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போதுதான் எல்லோருக்கும் மானம் போயிற்று. மாட்டுத் தோலைத் தொடுகிறாளாம். பட்டினி கிடந்திருந்தால் குடும்பத்தின் பெயர் காப்பாற்றப்பட்டிருக்கும்.

பிறகு ஏற்காடு டவுனில் அக்கா சொந்தமாகக் கடை போட்டார். சுற்றுலா வருகிறவர்களுக்கு பெல்ட், மணிபர்ஸ். ஆனால் அவர் பெயர் மலையெல்லாம் பரவியது எஸ்டேட்காரர்களுக்குச் செய்து கொடுத்த ரிவால்வர் உறையால்தான். அதை எப்படிச் செய்வார் என்று விரிவாகவே சொல்கிறேன். மாமா வேண்டாம் என்று சொல்லியிருக்காவிட்டால் இவ்வளவு விரிவாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட கெட்டித் தோல் வேண்டும். வெட்டி, மெழுகு தடவிய நூலில் இரண்டு ஊசி போட்டுத் தைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் முக்குவார். குமிழி வருவது நின்றதும் வெளியே எடுத்து, தோலின் நிறம் மெல்லத் திரும்பும் வரை காத்திருப்பார். பிறகு உள்ளே துப்பாக்கியைச் செருக வேண்டும். அடுத்தவர் துப்பாக்கியைக் கடையில் வைத்திருக்க அக்காவுக்குப் பிடிக்காது. தேர்தல் வந்தால் துப்பாக்கியெல்லாம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடும் என்பது வேறு. ஆகவே மஞ்சக்குட்டை ஊர்த் தச்சர் ஒருவரிடம் சில்வர் ஓக் கட்டையில் அதே அளவில் துப்பாக்கி கடைந்து வாங்கி வைத்திருந்தார். அதில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, ஈரத் தோலுக்குள் இறக்கி, கட்டைவிரலாலும் மழமழப்பான எலும்புத் துண்டாலும் அழுத்தி அழுத்தி, குண்டு போடும் உருளையின் மேடும் விசை வளையத்தின் பள்ளமும் தோலில் எழும்பி வரும்படி செய்வார். ஈரத் தோலில் நகம் பட்டால் தழும்பு போகாது. அதனால் அக்கா நகம் வளர்த்ததே இல்லை. ஒருமுறை நான் உதவப் போய் என் நகம் ஆழமாகப் பதிந்தது. அந்த உறையை எனக்கே கொடுத்துவிட்டார். என்னிடம் துப்பாக்கி இல்லை. அதில் மூக்குக்கண்ணாடி வைத்திருக்கிறேன். உருவி எடுத்து மாட்டும்போது எதிரில் இருப்பவர்கள் சற்றுப் பயப்படுகிறார்கள். என் எழுத்து செய்யாததை அது செய்கிறது.

அழுத்தி முடித்ததும் நிழலில் காய வேண்டும். வெயில் கூடாது, அடுப்பங்கரை கூடாது. மலையில் மூட்டம் இறங்கிவிட்டால் ஆற அமரத்தான் காயும். காய்ந்த பின் அக்கா அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பார்.

“கவுத்தா விழுகப்படாது கண்ணு. இழுத்தா அடம் புடிக்கப்படாது. மொத்தத்துல நம்ம சொந்தக்காரங்களுக்கு நேரெதிரா இருக்கோணும்.”

அந்தச் சொந்தக்காரர்கள் அக்கா வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். வந்தால் வாசலோடு நின்று, “இப்பத்தான் குடிச்சேன்” என்பார்கள். மலையில் இவ்வளவு தாகம் தீர்ந்த மனிதர்களை வேறெங்கும் பார்க்க முடியாது. பெரிய மாமாவும் அப்படித்தான். ஆனால் தன் மகள் கல்யாணத்துக்கு வேட்டிமேல் கட்ட, பை வைத்த அகல பெல்ட் ஒன்று அக்காவிடம் தைத்து வாங்கிக்கொண்டார். அது வேறு விஷயமாம். இன்றுவரை அதைத்தான் கட்டுகிறார். தண்ணீர் தொண்டையில் இறங்குகிறது, பெல்ட் இடுப்போடு நின்றுவிடுகிறது என்பது அவர் கணக்காக இருக்கலாம்.

கடைசி நாள் மதியம் அக்கா வீட்டில் ஓர் உறையை அழுத்தி முடித்து, கட்டைத் துப்பாக்கியோடு கூடத்து ஜன்னல் ஓரம் தொங்கவிட்டார். கரடியூர்ப் பக்கம் எஸ்டேட் வைத்திருப்பவர் ஒருவர், புதிதாக வாங்கிய ரிவால்வருக்குச் செய்யச் சொல்லியிருந்த உறை அது. கை கழுவப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சேலத்துக்குக் கொண்டுபோனோம். மலைப் பாதையின் வளைவுகள் முடிவதற்குள் அக்கா முடிந்துவிட்டார்.

மறுநாள் காலை அக்காவைக் கூடத்தில் கிடத்த வேண்டியிருந்தது. ஜன்னலில் உறையைப் பார்த்த பெரிய மாமா, “பொணம் வெக்கிற எடத்துல மாட்டுத் தோலா? எடுத்து வெளிய போடுங்க” என்று சத்தம் போட்டார். யாரும் தொடவில்லை. மாமாவே ஒரு குச்சியால் மாட்டித் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் போட்டார். போட்ட இடம், மேளக்காரர்கள் மேளத்தைச் சூடு காட்ட மூட்டியிருந்த நெருப்பின் பக்கம். அந்த மேளம் எதில் கட்டியது என்று மாமா விசாரிக்கவில்லை. அதன் அடிக்குத்தான் ஊர் முழுக்க அழுதது.

உள்ளே பெண்கள் அக்காவைக் குளிப்பாட்டினார்கள். தோலின் பட்டைச் சாறு ஏறி அக்காவின் விரல்கள் எப்போதும் பழுப்பாக இருக்கும். அது போக வேண்டும் என்று சீயக்காய் போட்டுத் தேய்த்தார்கள். மறுபடி தேய்த்தார்கள். போகவில்லை. உயிரோடு இருந்தபோது தொட மறுத்த கையை அன்றைக்கு எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

கடையில் அக்காவோடு தைக்கும் செல்வி வாசலுக்கு வந்ததும் முதலில் பார்த்தது நெருப்போரம் கிடந்த உறையைத்தான். ஓடிப்போய் எடுத்தாள். சூட்டில் தோல் சுருங்கி, கட்டையைக் கவ்வி, கல்லாகியிருந்தது.

“அய்யோ, ஆருங்க இதை நெருப்புக்கிட்டப் போட்டது?”

“போனவளே போயிட்டா. நீ தோலுக்கு அழுவறயா?” என்றார் மாமா.

“அக்கா கடசியாக் கை வெச்சதுங்க இது.”

மாமா பெல்ட்டை இறுக்கிக்கொண்டு பந்தல்காரரைப் பார்க்கப் போய்விட்டார்.

சில நாள் கழித்து அந்தக் கரடியூர் எஸ்டேட்காரர் தோட்டத்திலிருந்து நேரே துக்கம் கேட்க வந்தார். மாமா எழுந்து நாற்காலி போட்டார், துண்டால் தட்டியும் விட்டார். வந்தவர் இடுப்பில் பழைய ரிவால்வர் இருந்தது. மாமாவின் கண் அங்கேயே நின்றது.

“உறை நொம்ப அம்சமா இருக்குதுங்க. பெங்களூருங்களா?”

“இல்லீங்க. இந்த ஊட்டுலதான் செஞ்சு வாங்குனேன்.”

அப்போது மாமாவுக்கு அவசரமாகத் தாகம் எடுத்தது. பழக்கம் விடவில்லை, அடுத்த வீட்டுக்குப் போய்க் குடித்தார்.

செல்வி அவருக்கென்று செய்த, சூட்டில் சுருங்கிய அந்த உறையைக் கொண்டுவந்து கொடுத்தாள். எஸ்டேட்காரர் கவிழ்த்துப் பார்த்தார். கட்டை விழவில்லை. இழுத்துப் பார்த்தார். வரவில்லை. கிழித்தால்தான் வரும் என்றாள் செல்வி. அவர் உருளையின் மேட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, “வேண்டாம் கண்ணு. கிழிக்காதீங்க. உங்ககிட்டயே இருக்கட்டும்” என்று கொடுத்துவிட்டுப் போனார்.

நன்றி சொல்ல வேண்டிய இடம் இது. மலைப் பாதையில் வண்டியை விரட்டிய ஓட்டுநருக்கு நன்றி. அக்காவின் கடையை இன்றும் திறந்து வைத்திருக்கும் செல்விக்கு நன்றி. கிழிக்க வேண்டாம் என்று சொன்னவருக்கு நன்றி. அடித்து முடித்ததும் கூலிக்கு நிற்காமல், அக்காவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போன மேளக்காரர்களுக்கு நன்றி. மாமா சொல்லாதிருந்தால் நானும் சுயதொழில் என்று எழுதி முடித்திருக்கக்கூடும். ஆகவே மாமாவுக்கும் நன்றி.

இன்றைய படையலில் அக்கா படத்துக்கு முன்னால், புடவைக்கும் பலகாரத்துக்கும் நடுவில், அந்த உறை இருக்கும். அதை யாரும் நகர்த்தக் கூடாது. கும்பிட வருகிறவர்கள் வழக்கம்போல் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வாருங்கள். தோல் ஆகாதென்றால் பெரிய மாமா பெல்ட்டையும் அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வரட்டும். ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் கும்பிட்டாலும் அக்கா ஏற்றுக்கொள்வார்.